இனிப்புநீரும் மறதியும்

ஆயர் ஈத்தாம் சந்தைக்குப் போய், "எதுக்கு வந்தேன்னே மறந்து போச்சு" என்று திகைத்து நின்றதுண்டா? தெரிந்தவர் பெயரே வாயில் வரவில்லையா? இனிப்புநீர்க்காரர்கள் பலர் இதை என்னிடம் மெதுவாகத்தான் சொல்கிறார்கள். மருமகள் காதில் விழக்கூடாதாம்! "வயசாச்சு, புத்தி மங்கிப் போச்சு" என்று நீங்களே தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள்.

சுகாதார அமைச்சின் 2023 ஆய்வின்படி, நம் நாட்டுப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர். மூளைக்குத் தீனி இரத்தத்திலுள்ள சீனிதான். விடியற்காலையில் இன்சுலினோ கிளிக்கிளசைடு மாத்திரையோ எடுத்துக்கொண்டு, பசியாறாமல் வேலைக்குப் போனால், சோதிக்கும் கருவியில் சீனி 4-க்குக் கீழே இறங்கிவிடலாம். வேர்வை, நடுக்கம், புத்தித் தடுமாற்றம் எல்லாம் வரும். உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலக்கிக் குடியுங்கள். கால் மணி நேரம் கழித்து மறுபடி சோதித்து, பிறகு சாப்பிடுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 999-ஐ அழையுங்கள்.

சீனி எப்போதும் ஏறியே இருந்தாலும் மந்தம்தான். மெட்ஃபோர்மின் பல வருஷம் சாப்பிட்டால் பி12 வைட்டமின் குறையலாம். அதனாலும் மறதி வரும், கால் மரத்துப் போகும். அதற்காக மருந்தை நிறுத்தக் கூடாது. பி12-க்கு ஊசியும் மாத்திரையும் உண்டு. தைராய்டு, சோகை, தூக்கக் குறைவு, மனச்சோர்வு இவையும் காரணமாகலாம்.

மாத்திரை போட்டதை மறந்து இரண்டாம் தடவையும் போட்டுக்கொள்வார்களே, அதுதான் எனக்குப் பெரிய பயம். ஏழு நாள் மாத்திரைப் பெட்டி ஒன்று வாங்கி வையுங்கள். அடுத்த தடவை கிளினிக்கில் மறதியைத்தான் முதலில் சொல்லவேண்டும். எப்போதிலிருந்து, எந்த நேரத்தில் என்று பிள்ளைகளை எழுதித் தரச் சொல்லுங்கள். திடீரென்று வாய் கோணினாலோ பேச்சுக் குழறினாலோ அடுத்த தேதிக்குக் காத்திருக்கவேண்டாம். அப்போதே பெரியாஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.