வேலிக்குள் ஒளிந்திருக்கும் கணக்கு

ஒரு கிரவுண்டு என்றால் 2,400 சதுர அடி. நாற்பதுக்கு அறுபதாக அமைந்த மனை என்றால், சுற்றி வேலி போட 200 அடி போதும். முப்பதுக்கு எண்பது என்றால் 220 அடி வேண்டும். இருபத்து நான்குக்கு நூறு என்று ஒடுங்கி நீண்டுவிட்டால் 248 அடி. மூன்றுக்கும் பத்திரத்தில் பரப்பு ஒன்றுதான். ஆனால் வேலிக்காரர் விலை பேசுவது ஓட்ட அடிக்கு. மனையின் வடிவம் மட்டுமே செலவைக் கால்பங்கு ஏற்றிவிடுகிறது.

ஏக்கர் கணக்கு இன்னும் வியப்பானது. ஒரு ஏக்கரில் ஏறத்தாழ 18 கிரவுண்டு அடங்கும். அது சதுரமாக இருந்தால் 835 அடி வேலியில் சுற்றி முடித்துவிடலாம். நிலம் 18 மடங்கு. வேலியோ நான்கு மடங்கைச் சற்றே தாண்டுகிறது. வேலிச் செலவு பெரிதாக விழுவது சிறிய மனைக்காரர் மேல்தான். பக்கத்து மனைக்காரரோடு பேசி, நடு எல்லையில் பொதுவேலி போட்டுச் செலவைப் பகிர்வது அதனால்தான் புத்திசாலித்தனம்.

அந்த நடு எல்லை எங்கே ஓடுகிறது? நிலம் யாருடையது, எவ்வளவு என்பதைப் பட்டா சொல்லும். எல்லையைக் காட்டுவது புலப்படம், சர்வேயர்கள் எஃப்.எம்.பி. என்பார்கள். அரசின் இணைய சேவையிலேயே அதை இறக்கிக்கொள்ளலாம். புலத்தை முக்கோணங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கோட்டின் நீளத்தையும் அதில் குறித்திருப்பார்கள். மூன்று பக்க நீளமும் தெரிந்தால் முக்கோணத்துக்கு ஒரே ஒரு வடிவம்தான் உண்டு. நாற்கரம் அப்படியல்ல, நான்கு பக்கமும் சரியாக இருந்தும் சாய்ந்து போகலாம். பத்திரத்தில் உள்ள நான்கு அளவுகளை மட்டும் வைத்துக்கொண்டு மனையை நிலத்தில் நிறுத்த முடியாது என்பது இதனால்தான். குறுக்கே ஒரு மூலைவிட்டமும் வேண்டும். நாற்பதுக்கு அறுபது மனை நேர்மூலையாக இருந்தால் அது 72 அடி 1 அங்குலத்தைச் சற்றே தாண்டும்.

காணாமல் போன எல்லைக்கல்லைக் கண்டுபிடிப்பதும் இதே முக்கோணத்தால்தான். மிச்சமிருக்கும் இரண்டு கற்களிலிருந்து, படத்தில் உள்ள நீளத்துக்கு டேப்பை இழுத்து கல்லுக்கொரு வில் வரைய வேண்டும். இரண்டு விற்களும் எங்கே வெட்டிக்கொள்கின்றனவோ அங்கே தோண்டினால், பல நேரம் பழைய கல்லின் தலையே தட்டுப்படும். எல்லைக்கற்களைப் பேணுவது நிலத்துக்காரரின் கடமை என்கிறது 1923-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நில அளவை, எல்லைகள் சட்டம்.

நாம் தினமும் பேசும் சென்ட்டுக்குள்ளும் ஒரு பழைய சங்கிலி கிடக்கிறது. இங்கிலாந்துக் கணித அறிஞர் எட்மண்ட் குண்டர் 1620-இல் 66 அடி நீளத்தில் 100 கண்ணிகள் கொண்ட அளவைச் சங்கிலி ஒன்றை அமைத்தார். நீளம் பத்து சங்கிலி, அகலம் ஒரு சங்கிலி என்றால் அது சரியாக ஒரு ஏக்கர். அதில் நூறில் ஒரு பங்கான சென்ட், சரியாக 1,000 சதுரக் கண்ணி. பின்னம் போடத் தெரியாதவரும் பரப்பைச் சொல்லிவிடலாம்.

அளக்காமல் கண்மதிப்பில் நூல் பிடித்தால் என்ன ஆகும்? முன்பக்கக் கல்லிலிருந்து ஒரே ஒரு பாகை பிசகினாலும், அறுபதடி தள்ளி நூல் ஓரடி விலகியிருக்கும். முப்பது சதுர அடி கைமாறிவிடும். பறிபோன நிலத்தை வழக்குப் போட்டு மீட்க 1963-ஆம் ஆண்டு காலவரம்புச் சட்டம் தருவது 12 ஆண்டு. அதுவரை எதிராளி வெளிப்படையாகத் தன்னுடையதென்று அனுபவித்துவந்தால் உரிமையே போய்விடலாம். எல்லை உங்களுடையதாகவே இருந்தாலும், 20 ஆண்டுகள் உரிமையோடு தடையின்றி மற்றவர்கள் நடந்த பாதையை வேலியால் அடைக்க முடியாது. 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் அவர்கள் பக்கம் நிற்கும்.

இனி வேலைக்கு வருவோம். ஏழடிக் கல்தூணில் இரண்டடி மண்ணுக்குள் போகும். நடுத்தூண்களைக் கம்பி வலை இருபுறமும் சமமாக இழுப்பதால் இழுவை சரிக்குச் சரியாகிவிடும். மூலைத்தூணை இரண்டு வரிசைகளும் உட்பக்கமாக இழுக்கின்றன. எதிரே இழுக்க யாரும் இல்லை. அதனால்தான் மூலைக்கு மட்டும் இரண்டு வரிசையின் பக்கமும் சாய்வாக முட்டுக்கல் கொடுக்கிறார்கள்.

வலையைக் கிட்டத்தில் பாருங்கள். ஒவ்வொரு கம்பியும் வளைந்து வளைந்து இறங்கி, பக்கத்துக் கம்பியின் வளைவைக் கோத்துக்கொள்கிறது. பற்றவைப்பு எங்குமே இல்லை. ஒரு கம்பி அறுந்தால் அதை மட்டும் திருகி உருவிவிட்டு, புதியதைத் திருகி ஏற்றலாம். கம்பி வலை நெய்யும் இயந்திரத்தை 1844-இல் நாரிச் நகரின் சார்ல்ஸ் பார்னார்ட் செய்தபோது, அவருக்கு முன்மாதிரியாக இருந்தது துணித் தறி.

கம்பியின் தடிமனைச் சொல்லும் கேஜ் எண் தலைகீழானது. எண் ஏற ஏறக் கம்பி மெலியும். 12 கேஜ் கம்பி 2.64 மில்லிமீட்டர், 10 கேஜ் 3.25 மில்லிமீட்டர். வித்தியாசம் அற்பமாகத் தெரிகிறது. ஆனால் அதே நீளத்துக்கு 10 கேஜில் ஒன்றரை மடங்கு இரும்பு இருக்கிறது. விலை கேட்கும்போது கேஜையும் கண்ணியின் அளவையும் சேர்த்துக் கேட்காவிட்டால் இரண்டு விலைகளை ஒப்பிடவே முடியாது.

அந்த இரும்பைக் காப்பது துத்தநாகப் பூச்சு. கனமான பூச்சுகூட ஏறத்தாழ 0.04 மில்லிமீட்டர்தான், தலைமுடியின் பாதித் தடிமன். ஈரத்தில் துத்தநாகம் இரும்புக்கு முன் தானே அரிபடும். கம்பியில் கீறல் விழுந்தாலும், சுற்றியுள்ள துத்தநாகம் தன்னைக் கொடுத்து அந்த இடத்தைக் காக்கும். இதைத் தியாகக் காப்பு என்கிறார்கள். உப்புக் காற்று வீசும் கடலோரத்தில் இந்தத் தியாகம் பல மடங்கு வேகமாகத் தீர்ந்துவிடும். அங்கே பூச்சில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

கம்பி வேலி காற்றையும் வெள்ளத்தையும் போகவிடும். சுவர் எல்லாவற்றையும் மறிக்கும். கரிசல் மண் மழையில் உப்பி, வெயிலில் வெடித்து, ஆழமில்லாத அடித்தளத்தைப் பிளந்துவிடும். மேட்டு மண்ணில் தேங்கும் நீர் சுவரைப் பக்கவாட்டில் தள்ளும். 2019 டிசம்பரில் மேட்டுப்பாளையம் அருகே நடூரில் கனமழையில் உயரமான சுற்றுச்சுவர் சரிந்து 17 பேர் இறந்தார்கள். மண்ணைத் தாங்கும் சுவரில் நீர் வடியத் துளை விடுவதும், உயரத்துக்கு விதி வைப்பதும் உயிர் காக்கத்தான்.

எனவே இந்த வரிசையை மாற்றாதீர்கள். முதலில் புலப்படம். அடுத்து, சர்வேயருக்கு விண்ணப்பம். அரசுக்குக் கட்டும் அளவைக் கட்டணம் வேலிச் செலவில் மிகச் சிறிய பங்குதான். பிறகு உயரம், தெருமுனை வளைவு பற்றி ஊராட்சியிலோ நகராட்சியிலோ விசாரியுங்கள். அண்டை வீட்டுக்காரரை அழைத்து, அவர் முன்னிலையில் அளந்து கல்லை நட்டுவிட்டு, அதற்குப் பிறகு கம்பி வாங்கப் போங்கள்.