அறியார் அறிஞரை அறியுமாறு

பிணியுற்றார் மருத்துவரைத் தேர்வதிலும், வழக்குடையார் வழக்கறிஞரைத் தேர்வதிலும் ஓர் இடர்ப்பாடு உண்டு. தமக்குத் தெரியாத கலையில் வல்லவர் யாவர் என்பதைத் தாமே துணிதல் வேண்டும். ஆயினும், மருத்துவர்க்குப் பட்டம் உண்டு. வழக்கறிஞர்க்குப் பதிவு உண்டு. பிழை நேரின் முறையிட மன்றமும் உண்டு. இம்மூன்றும் இல்லாத உதவியாளர் கூட்டம் ஒன்று நம் காலத்தே பெருகியுளது. மென்பொருள் குறித்து எழும் ஐயங்களுக்கு இணையத்தின் வாயிலாக ஊதியமின்றி விடை கூறும் தொண்டரே அவர். அவர்தம் முகம் அறியோம், ஊர் அறியோம், அவரைத் தேர்வு வைத்து அமர்த்தியவரும் இலர். அங்ஙனமாயின், அவருள் வல்லாரையும் அல்லாரையும் வேறு பிரித்தறிவது யாங்ஙனம்? இதுவே ஈண்டு ஆராயப் புகுந்த பொருள்.

தொண்டர் உழைப்பை எளிதாக எண்ணுதல் பிழை. 1991 ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டு மாணவராகிய லினஸ் டோர்வால்ட்ஸ் என்பார் தொடங்கிய லினக்ஸ், பல நாட்டுத் தொண்டரின் துணையால் வளர்ந்து, இன்று உலகின் பெருங்கணிப்பொறிகளை இயக்குகின்றது. நம் மொழிக்கும் இவ்வகைத் தொண்டு வாய்த்துளது. 1998 ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தோன்றிய மதுரைத் திட்டம் தமிழ் நூல்களை மின்வடிவில் தந்தது; 2003 இல் தமிழ் விக்கிப்பீடியா தோன்றியது; 2012 இல் கணியம் என்னும் மின்னிதழ் கட்டற்ற மென்பொருளைத் தமிழில் விளக்கத் தொடங்கியது. இவையெல்லாம் தொண்டர் கைவண்ணமேயாம்.

நம் பகுதி மாணவர்க்கு இவ்வாராய்ச்சி வீண் பொழுதுபோக்கன்று. ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் தந்தையர் தோல் பதனிடும் சாலைகளிலும், தாயர் காலணித் தொழிற்சாலைகளிலும் உழைக்க, குடும்பத்தில் முதன்முதலாகக் கணிப்பொறியைத் தொடும் மக்கள் பலர். வீட்டில் கேட்பதற்கு ஆள் இல்லை. பணம் கொடுத்துப் பயிலவும் வழியில்லை. முகமறியாத் தொண்டரே அவர்க்கு ஆசான். அவ்வாசான் கூறிய ஒரு வரிக் கட்டளை தவறாயின், ஓராண்டு உழைத்துச் சேர்த்த கோப்புகள் ஒரு நொடியில் அழிதலும் கூடும்.

முதற்கண், மக்கள் பெரிதும் நம்பும் அளவைகளை நோக்குவோம். ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்பது 2008 இல் தொடங்கப்பெற்ற வினாவிடைத் தளம். ஆங்கு ஒருவர் விடையைப் பிறர் ஒருவர் பாராட்டி வாக்களிப்பின் 10 புள்ளிகள் சேரும். வினவியவரே அவ்விடையை ஏற்பின் 15 புள்ளிகள் சேரும். இப்புள்ளிகள் பொருளற்றவை அல்ல. எனினும், விடையை ஏற்பவர் வினவியவரே என்பதை மறவற்க. அவர் அறியாமையினாலன்றோ வினவினார்? தம் இடர் தீர்ந்தது என்பதை அவர் அறிவார். தீர்த்த வழி செவ்விய வழியா என்பதை அறியார். அன்றியும், எளிய வினாவைப் பலர் காண்பர். அதற்கு முந்தி விடையளித்தவர் மிகுந்த வாக்குப் பெறுவர். அரிய வினாவுக்கு நுண்ணிய விடை எழுதினவர் இரண்டொரு வாக்கோடு நிற்பர். ஆகவே, புள்ளிகள் பலர்க்குப் பயன்பட்டமையைக் காட்டுமேயன்றி, நம் வினாவில் அவர் வல்லர் என்பதைக் காட்டா.

காலமும் ஒரு கருத்து. பைத்தான் மொழியின் இரண்டாம் வடிவுக்குரிய பராமரிப்பு 2020 ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளோடு முடிந்தது. அவ்வடிவுக்கெனப் பல்லாண்டுகட்கு முன் எழுதிய விடை, அன்று முற்றும் சரியாயிருந்தும், மூன்றாம் வடிவைப் பயில்வார்க்கு இன்று பிழையாதல் உண்டு. அது பெற்ற வாக்குகளோ குறையாமல் நிற்கும்.

இனி, நடை. இனிய சொல்லும் தடையற்ற ஒழுக்கும் புலமைக்குச் சான்று எனப் பலர் கருதுவர். டோர்வால்ட்ஸ் தம் கடுஞ்சொல்லுக்கு 2018 இல் வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார். ஆயினும், அவர்தம் வன்மையை ஒருவரும் ஐயுற்றதில்லை. இதனால் கடுஞ்சொல் நன்றென்பது கருத்தன்று. சொல்லின் தன்மை வேறு, அறிவின் தன்மை வேறு என்பதே. மறுபுறம், 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தபின், திருத்தமான நடையில் தவறான விடைகள் குவியத் தொடங்கின. அடுத்த திங்களிலேயே ஸ்டாக் ஓவர்ஃப்ளோ அத்தகைய விடைகளை விலக்கியது.

தோல் வாணிகம் அறிந்தவர்க்கு இவ்வுண்மை எளிதில் விளங்கும். பளபளப்பும் சாயமும் மேற்புறத்துக் குறைகளை மறைக்க வல்லன. ஆதலின், தேர்ந்தவர் தோலை மடித்துப் பார்ப்பர்; புரட்டிப் பார்ப்பர். உரித்தவன் கத்தி தவறிய வெட்டு உட்புறத்தேதான் தெரியும். விடையையும் அவ்வாறே புரட்டிப் பார்த்தல் வேண்டும். அங்ஙனம் பார்க்குங்கால் தென்படும் நற்குறிகள் நான்கு.

முதலாவது, வல்லவர் விடை கூறுமுன் வினவுவர். எந்த வடிவு, யாது செய்தபொழுது பிழை தோன்றியது, பிழைச்செய்தியின் சொற்கள் யாவை என்று கேளாமல் மருந்து கூறுபவர், நாடி பாராத மருத்துவரை ஒப்பர். இரண்டாவது, அவர் காரணம் கூறுவர். கட்டளையின் ஒவ்வோர் உறுப்பும் என்ன செய்யும் என்பதை விளக்கி, மூலக் கையேட்டின் இடத்தையும் சுட்டுவர். அதனால், நாம் அவரை நம்பவேண்டிய அளவு குறைகின்றது. நாமே சரிபார்க்க இயலும். மூன்றாவது, அவர் தம் எல்லையை உரைப்பர். இது எனக்குத் தெரியாது என்று கூற நாணார். பிறர் பிழை காட்டின் திருத்திக்கொள்வர். நான்காவது, அவர்தம் முன்னைய பணி அதே துறையில் திறந்து கிடக்கும். எழுத்துருவில் வல்லவர் தரவுத்தளத்திலும் வல்லவராதல் வேண்டும் என்னும் நியதியில்லை.

இந்நான்கும் வன்மையை மட்டுமே அளக்கும், நேர்மையை அளவா. எக்ஸ்-இசட் என்பது லினக்ஸ் கணிப்பொறிகளில் கோப்புகளைச் சுருக்க உதவும் சிறு மென்பொருள். ஜியா டான் என்னும் பெயர் பூண்ட ஒருவர் 2021 முதல் அதற்குத் திருத்தங்கள் அனுப்பி, பணிச்சுமையால் தளர்ந்திருந்த பொறுப்பாளரின் நம்பிக்கையைப் பெற்றார்; பின்னர்ப் பொறுப்பிலும் பங்கு பெற்றார். 2024 இல் வெளியான 5.6.0, 5.6.1 என்னும் வடிவுகளில், பிறர் கணிப்பொறிக்குள் மறைவாக நுழைதற்குரிய கள்ள வாயில் ஒன்றை வைத்தார். தொலைக் கணிப்பொறியினுள் நுழைவதற்கு ஏறக்குறைய அரை நொடி கூடுதலாவது ஏன் என்று ஆராய்ந்த ஆண்ட்ரஸ் பிராயண்ட் என்னும் பொறியாளர், அவ்வாண்டு மார்ச் 29 ஆம் நாள் அதனை உலகறியச் செய்தார். ஈராண்டுக்கு மேற்பட்ட நற்பெயர் கள்ளத்தை மறைத்தது. ஒருவர் தாமே செய்த ஆராய்ச்சி அதனை வெளிப்படுத்தியது. ஆதலின், ஆளைத் தேர்ந்தபின்னும் செயலைச் சரிபார்த்தல் ஒழியலாகாது.

அதனை அவமதிப்பென எண்ணவேண்டா. பவுல் அப்போஸ்தலர் உரைத்ததையே பெரோயா பட்டணத்தார் நாள்தோறும் வேதத்தோடு ஒப்பிட்டு ஆராய்ந்தனர். அதன்பொருட்டு அவர் இகழப்படவில்லை, புகழவே பட்டனர். மதுரைத் திட்டத்து மின்னூல்களின் முகப்பிலும் உள்ளிட்டவர் பெயரோடு மெய்ப்புப் பார்த்தவர் பெயரும் காணப்படும். ஒருவர் செய்ய மற்றொருவர் பார்ப்பது ஐயப்பாட்டின் விளைவன்று, பணியின் ஒழுங்கு.

எனவே, உதவி நாடும் மாணவர்க்குக் கடமைகள் சில உள. பொருள் விளங்காத கட்டளையை இயக்கற்க. கோப்புகளின் படியொன்றைத் தனியே வைத்து, முதலில் படியின்மேல் சோதித்துப் பார்க்க. ஒருவர் விடையோடு அமையாது, அதனை மறுத்தவர் கூற்றையும் படிக்க. எல்லாவற்றினும் மேலாக, கூறிய வழி பயன்பட்டதா, தவறியதா என்பதை மீண்டும் சென்று தெரிவிக்க. இடர் தீர்ந்தவுடன் மௌனமாக அகலுவோர் பலர். அவர் விட்டுச்செல்லும் இரண்டு வரிகளே பின்வரும் அறியாதார்க்கு அறிஞரைக் காட்டும் விளக்காகும். ஊதியம் வாங்காத தொண்டர்க்கு நாம் செலுத்தக்கூடிய கைம்மாறும் அதுவேயாம்.