குழாயடியில் கோழி கழுவலாமா?

ஆடிப் பதினெட்டுக்கு வல்வில் ஓரி விழா பார்க்க என் கடைசி நாத்தனார் கைக்குழந்தையோடு கொல்லிமலைக்கு வந்திருந்தாள். விருந்தாளி வந்தால் கோழிக் குழம்பு வைக்காமல் இருக்க முடியுமா? செம்மேட்டில் ஒன்றரைக் கிலோ பிராய்லர் வாங்கி, வழக்கம்போலக் குழாயைத் திறந்துவிட்டுச் சளசளவென்று அலசினேன். பக்கத்திலேயே குழந்தையின் பாலாடை. வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள்.

"கோபிச்சுக்காதீங்க அண்ணி. பிள்ளைத்தாச்சியா இருந்தப்போ நான் பட்டது எனக்குத்தான் தெரியும்" என்றாள்.

அப்போது அவளுக்கு மூத்திரத் தொற்று. இரண்டு மாத்திரை மாற்றியும் கேட்கவில்லை. கல்ச்சர் பார்த்த பிறகு, ஒரு வாரம் ஊசி போட்டுத்தான் குணமானது. அந்தக் கிருமி கோழியிலிருந்து வந்ததென்று யாரும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. ஆனால் மருந்துக்கு அடங்காத கிருமிகள் கோழியின் குடலிலும் வளர்கின்றன. நம் மலைக்குக் கீழே நாமக்கல். கோழிப்பண்ணைக்குப் பேர்போன ஊர். நமக்குத் தெரியாமல் இருக்கலாமா, சொல்லுங்கள்!

எப்படி வளர்கின்றன? நோய் இல்லாதபோதும், சீக்கிரம் எடை போடவென்று தீவனத்தில் கொஞ்சங்கொஞ்சமாய் ஆன்டிபயாடிக் கலக்கும் வழக்கம் உலகமெங்கும் இருந்தது. நோஞ்சான் கிருமிகள் செத்து, தாக்குப்பிடித்தவை பெருகும். ஐரோப்பிய ஒன்றியம் இந்த வழக்கத்தை 2006-ல் தடுத்தது. தீவிர சிகிச்சை நோயாளிகளுக்கு வேறெதுவும் பலிக்காதபோது கொடுக்கும் கொலிஸ்டின் என்ற மருந்தைக்கூடக் கோழிக்குக் கொடுத்திருக்கிறார்கள்! நம் மத்திய அரசு 2019 ஜூலையில்தான் அதற்குத் தடை போட்டது. 2014-ல் டெல்லியில் ஒரு நிறுவனம் 70 கோழி மாதிரிகளைச் சோதித்ததில், நூற்றுக்கு 40-ல் மருந்து மிச்சம் இருந்தது.

அதற்காகக் கோழியே வேண்டாமென்று நான் சொல்ல வரவில்லை. எந்த மருந்துக்கும் சாகாத கிருமியும் அடுப்பில் செத்துப்போகும். எலும்பை ஒட்டிய சதையில் சிவப்பு தெரியாமல் வேகட்டும். வம்பெல்லாம் பச்சைக் கறியில்தான். குழாய்த் தண்ணீர் வேகத்தில் தெறிப்பது மேடை, டம்ளர், தேங்காய்மூடி வரை போகும். கழுவாமல் சமைப்பதே நல்லது. மனசு கேட்காதவர்கள் அகலப் பாத்திரத்தில் மெதுவாக அலசி, தொட்டியையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கறி நறுக்கிய கத்தியாலேயே வெங்காயம் அரியாதீர்கள். ஃபிரிட்ஜில் மூடிவைத்து, கீழ்த்தட்டிலேயே வையுங்கள்.

"நாங்க நாட்டுக்கோழிதான்" என்பவர்களுக்கும் ஒரு சங்கதி. எங்கள் தெருப் பாட்டி, கோழி சோர்ந்து வெள்ளையாய்க் கழிந்தால், பேரன் சாப்பிட்டு மிச்சம் வைத்த ஆன்டிபயாடிக் மாத்திரையைச் சோற்றில் பொடித்துப் போடுவார். வெள்ளைக் கழிச்சல் வைரஸால் வருவது. அந்த மாத்திரை அதை ஒன்றுமே செய்யாது. வருமுன் கால்நடை மருந்தகத்தில் தடுப்பு மருந்து போட வேண்டும். சொன்னேன்.

"அப்போ இத்தனை வருசமாப் போட்டதெல்லாம் தண்டமா?" என்றார்.

தண்டம்தான் பாட்டி. போதாததற்குப் பேரனும் பாதி மாத்திரையோடு நிறுத்தியிருக்கிறானே!