ஒரு தீவு சுருங்குறதை எப்படிப் படம் எடுக்குறது?

ரெண்டு போட்டோவைப் பக்கத்துல பக்கத்துல வச்சு, 'அன்று - இன்று'ன்னு நான் ஒரு பதிவு போட்டேன். செம ஷேர். ஆனா அது தப்பு. இன்னைக்கு அந்தத் தப்பைப் பத்திதான் பேசப் போறேன்.

எனக்கு ஊர் களக்காடு. எங்க மலையில பிறக்குற பச்சையாறு தாமிரபரணியில சேர்ந்து, புன்னைக்காயல் பக்கம் கடலுக்குப் போகுது. அந்தக் கடல்தான் மன்னார் வளைகுடா. அங்க மொத்தம் 21 தீவுகள்னு கணக்கு. அதுல விலாங்குசல்லி, பூவரசன்பட்டி ரெண்டும் ஏற்கெனவே தண்ணிக்குள்ள போயிருச்சு. தூத்துக்குடிக்குப் பக்கத்துல இருக்குற வான் தீவு 1986-ல சுமார் 16 ஹெக்டேர் இருந்துச்சு. 2014-ல சுமார் 2 ஹெக்டேர்தான்.

இது தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாம தீவுல இறங்க முடியாது. அதனால தூரத்துல, படகுல நின்னே படம் எடுத்தேன். அதை நண்பர் எடுத்த பழைய படத்தோட சேர்த்து, 'ரெண்டே வருஷத்துல பாதித் தீவு காலி'ன்னு போட்டேன். படகோட்டி அண்ணாச்சி பார்த்துட்டுச் சிரிச்சாரு: "தம்பி, மொதப் படம் தண்ணி வத்துன நேரம். ரெண்டாவது ஏறி நிக்கிற நேரம்லா!"

எங்க ஊர்த் தலையணையை நவம்பர்லயும் மே மாசத்துலயும் எடுத்துட்டு 'ஆறு செத்துப்போச்சு'ன்னு சொன்னா எப்படி? அதே கதைதான். இங்க கடல் ஏறி இறங்குறது ஒரு மீட்டருக்கும் குறைவுதான். ஆனா தட்டையான மணல் தீவுக்கு அதுவே பெருசு. காத்து மாறுறப்போ மணலும் இடம் மாறும். அதனால ஒரே இடம், ஒரே மாசம், ஒரே அளவு கடல் மட்டம். இந்த மூணும் சரியா இருந்தாத்தான் ரெண்டு படத்தை ஒப்பிடலாம். தேதி, நேரம், ஜிபிஎஸ் மூணையும் குறிச்சு வைங்க.

இன்னொரு விஷயம், காரணம் போட்டோவுல தெரியாது. மலையில மரம் மண்ணைப் பிடிச்சு வைக்குற மாதிரி, இங்க பவளப்பாறைதான் அலையோட வேகத்தை உடைக்குது. அந்தப் பாறையைப் பல வருஷம் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் வெட்டி எடுத்தோம். காட்டை வெட்டின கதைதான், கடலுக்குள்ள நடந்திருக்கு. 2001-ல பவளத்துக்குச் சட்டப் பாதுகாப்பு வந்துச்சு. அப்புறம் 2010-லயும் 2016-லயும் கடல் சூடாகி, மிச்சமிருந்த பவளம் வெளுத்துச்சு. கடல் மட்டமும் ஏறுது. எல்லாத்தையும் 'பருவநிலை மாற்றம்' மேல போட்டா, நம்ம வெட்டினது மறைஞ்சுபோகும்.

2015-க்கு அப்புறம் வான் தீவைச் சுத்தி, துளை போட்ட கான்கிரீட் அமைப்புகளை இறக்கி அலையைத் தடுக்குறாங்க. கடல்புல்லும் நடுறாங்க. அது பலன் தருதான்னு பார்க்கவும் நேர்மையான படங்கள் வேணும். ஒரு பொய்ப் படம் மாட்டுனா, உண்மையான படத்தையும் யாரும் நம்ப மாட்டாங்க.

என் பதிவை நான் அழிக்கல. மேலயே 'இது தப்பு, ஏன்னா…'ன்னு எழுதி வச்சிருக்கேன். அதை யாரும் ஷேர் பண்ணல, அது வேற விஷயம்! அடுத்த எபிசோட்ல பார்ப்போம் மக்களே.