தரங்கம்பாடியைப் பார்த்த ஐஸ்லாந்துக்காரர்



தேங்காயும் சந்தையுமாக இருக்கும் நம்ம பொள்ளாச்சிக்குக் கடல் கொஞ்சம் தூரந்தான். ஆனால் தமிழ்நாட்டுக் கரையைத் தொட்ட ஒரு வடதேசத்துக் கடற்பயணப் புத்தகத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும்.

எழுதியவர் யோன் ஓலாஃப்சன், 1593இல் ஐஸ்லாந்தில் பிறந்தவர். அப்போது ஐஸ்லாந்து டென்மார்க் அரசரின் ஆட்சியில் இருந்தது. அரசரிடம் பீரங்கி வீரராகச் சேர்ந்த அவர், 1622இல் கப்பலேறி வந்து சேர்ந்த இடம் நம்ம தரங்கம்பாடி! தஞ்சை ரகுநாத நாயக்கரின் அனுமதியோடு டென்மார்க்காரர்கள் கோட்டை கட்டியிருந்த ஊர். 1620இல் நாயக்கர் டென்மார்க் அரசருக்கு அனுப்பிய கடிதம் தங்கத் தகட்டில் எழுதப்பட்டது; அதுவும் தமிழில். இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது.

கோட்டையில் நடந்த வெடிவிபத்தில் படுகாயமடைந்த யோன் ஊர் திரும்பினார். கதையை உடனே எழுதிவிடவில்லை. 1661இல், எழுபதை நெருங்கும் வயதில்தான் எழுதினார். கோபன்ஹேகன் வாழ்க்கை, கப்பல்காரர்கள் பட்ட பாடு, தரங்கம்பாடிக் கோயில், ஊர் மக்கள் எல்லாம் அதில் வருகின்றன. தளபதிகள் எழுதும் அறிக்கைகளைவிட ஒரு சாதாரணச் சிப்பாயின் நினைவுகளுக்குத்தான் ருசி அதிகம் என்பது என் கட்சி.

கோவையிலிருந்து மயிலாடுதுறைக்கு ஜன சதாப்தி ரயில் இருக்கிறது. அங்கிருந்து தரங்கம்பாடிக்குப் பஸ். யோன் இருந்த அந்த டேன்ஸ்போர்க் கோட்டை இப்போது அருங்காட்சியகம். விடுமுறையில் பிள்ளைகளோடு ஒருமுறை போய் வாருங்கள்.