பழைய பாட்டா? புதுப் பாட்டா?



போன வாரம் நம் வகுப்பில் நடந்த சண்டை எல்லாருக்கும் தெரியும். ஆண்டு விழாவுக்கு எந்தப் பாட்டுக்கு ஆடுவது என்பதுதான் பிரச்சினை. பாதிப் பேர் புதுப் பாட்டுதான் வேணும் என்றார்கள். மீதிப் பேர் பழைய பாட்டுதான் நல்லா இருக்கும் என்றார்கள். மணி அடித்த பிறகும் சத்தம் ஓயவில்லை. டீச்சர் வந்து, "இவ்வளவு பேசுறீங்களே, பாட்டைப் பத்தி யாராவது எழுதிட்டு வாங்க, சுவர்ல ஒட்டுவோம்" என்றார்கள். அதனால் வீட்டில் எல்லாரிடமும் கேட்டு இந்தக் கட்டுரையை எழுதியிருக்கிறேன்.

பாட்டு ஏன் மூணு நிமிடம்?

தமிழில் முதல் பேசும் படம் 'காளிதாஸ்'. 1931-இல் வந்தது. அந்தக் காலத்தில் நடிக்கிறவர்களே பாடவும் வேண்டும். நல்ல குரல் இருந்தால்தான் கதாநாயகன் ஆகலாம். எம்.கே.தியாகராஜ பாகவதர் அப்படிப் பாடி நடித்தவர். 1944-இல் வந்த அவருடைய 'ஹரிதாஸ்' படம் சென்னையில் ஒரே தியேட்டரில் மூன்று தீபாவளியைப் பார்த்ததாம்! பிறகு ஒருவர் பாட, இன்னொருவர் வாயசைக்கும் பின்னணிப் பாட்டு பரவலானது. டி.எம்.சௌந்தரராஜன், பி.சுசீலா எல்லாரும் அப்படிப் புகழ் பெற்றவர்கள்.

அன்றைக்குப் பாட்டை இசைத்தட்டில் பதிவு செய்தார்கள். அது ஒரு நிமிடத்துக்கு 78 முறை சுற்றும். ஒரு பக்கத்தில் மூணு, மூணரை நிமிடம்தான் பாட்டு பிடிக்கும். பழைய பாட்டுகள் பல மூணு நிமிடத்தில் முடிவதற்கு இதுதான் காரணம். பாடுகிறவர், வயலின்காரர், தபேலாக்காரர் எல்லாரும் ஒரே அறையில், ஒரே நேரத்தில் வாசிக்க வேண்டும். ஒருத்தர் தப்பு செய்தால் எல்லாரும் முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். இப்போது ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பதிவு செய்து கம்ப்யூட்டரில் சேர்த்து விடுகிறார்கள்.

ரேடியோ, கேசட், போன்

எங்க அப்பத்தா சின்னப் பிள்ளையாக இருந்தபோது யார் வீட்டிலும் ரேடியோ இல்லை. பஞ்சாயத்து ரேடியோ ஒன்றுதான். சாயங்காலம் ஊரே அதன் கீழே உட்கார்ந்து கேட்குமாம். பிறகு இலங்கை வானொலி பிரபலமானது. மயில்வாகனன், கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீது என்று அறிவிப்பாளர் பெயரெல்லாம் அப்பத்தாவுக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. பாட்டுக்கு முன்னால், அதை விரும்பிக் கேட்டவர்களின் பெயரை வாசிப்பார்கள். முகம் தெரியாத ஒருத்தர் கேட்ட பாட்டை நாமும் சேர்ந்து கேட்கிறோம். அதுவும் ஒரு பகிர்வுதானே?

அப்பா காலம் கேசட் காலம். ஒரு தாளில் பிடித்த பாட்டுகளை எழுதி கடையில் கொடுத்தால், வெற்றுக் கேசட்டில் பதிவு செய்து தருவார்கள். 60 நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு 30 நிமிடம். எந்தப் பாட்டை எடுப்பது, எதை விடுவது என்று அப்பா ரெண்டு நாள் யோசிப்பாராம். 1976-இல் வந்த 'அன்னக்கிளி'தான் இளையராஜாவின் முதல் படம். 1992-இல் வந்த 'ரோஜா' ஏ.ஆர்.ரகுமானின் முதல் தமிழ்ப் படம். இந்த ரெண்டும் ஒரே கேசட்டில் அப்பாவிடம் இருக்கிறது. 'ரோஜா' வந்த புதிதில், "இதெல்லாம் ஒரு பாட்டா, ஒரே இரைச்சல்" என்று பெரியவர்கள் திட்டினார்களாம். இப்போது அதே பாட்டைப் போட்டுவிட்டு அப்பா எங்க அண்ணனிடம், "இதுல்லடா பாட்டு, நீ கேக்குறது வெறும் இரைச்சல்" என்கிறார்! இன்றைய புதுப் பாட்டு நாளைய பழைய பாட்டு. நம் வகுப்புச் சண்டையும் இவ்வளவுதான்.

அண்ணனுக்கு எல்லாமே போனில்தான். எந்த வருசத்துப் பாட்டும் ஒரு நொடியில் வரும். வசதிதான். ஆனால் காதில் மாட்டிக்கொண்டு அவன் தனியாகத் தலையாட்டுவான். என்ன பாட்டு என்று பக்கத்தில் இருக்கும் எனக்கே தெரியாது.

போனில் இல்லாத பாட்டு

இந்தக் கட்டுரைக்காக அப்பத்தாவிடம், "உனக்கு ரொம்பப் பிடிச்ச பாட்டு எது அப்பத்தா? போன்ல போட்டுக் காட்டுறேன்" என்று கேட்டேன். ஏதாவது பழைய சினிமாப் பாட்டு சொல்லும் என்று நினைத்தேன். அப்பத்தா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ஒரு நடவுப் பாட்டைப் பாடியது. நானும் அண்ணனும் அதை எழுதித் தேடினோம். பேசித் தேடினோம். வரவே இல்லை. அப்பத்தா சிரித்துவிட்டு, "அது எப்படித்தா அதுக்குள்ள இருக்கும்? அது எங்க வயக்காட்டுப் பாட்டுல்ல" என்றது.

நடவுப் பாட்டு எப்படி என்றால், ஒருத்தி ஒரு வரி எடுத்துக் கொடுப்பாள், மற்றவர்கள் சேர்ந்து பாடுவார்கள். அந்தத் தாளத்துக்கு எல்லார் கையும் ஒன்றாகப் போகும், இடுப்பு வலியும் தெரியாது. தொடங்கும்போதும் முடிக்கும்போதும் குலவை போடுவார்கள். இதற்கு மூணு நிமிடக் கணக்கே கிடையாது. வயல் எவ்வளவு நீளமோ பாட்டும் அவ்வளவு நீளம். வரப்பில் யாராவது போனால் அவரைக் கேலி செய்தே ரெண்டு வரி கட்டிச் சேர்த்து விடுவார்களாம்.

எங்க ஊரில் இப்போது நடவு மெஷின் வந்துவிட்டது. அதனால் பாட்டும் நின்றுவிட்டது. அப்பத்தா பாடிக்கொண்டே வந்து நடுவில் நிறுத்திவிட்டது. "அடுத்தது வர மாட்டேங்குது தாயி. கூடப் பாடுனவ இருந்தா எடுத்துக் குடுப்பா. அவ போய் ரெண்டு வருசமாச்சு" என்றது. அதற்குப் பிறகு நான் ஒன்றும் கேட்கவில்லை.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. சினிமாப் பாட்டு பழசோ புதுசோ, தொலையாது. எங்கேயாவது பதிவாகி இருக்கும். ஆனால் இந்தப் பாட்டு அப்பத்தாவின் நெஞ்சில் மட்டும்தான் இருக்கிறது. அதிலும் பாதி போய்விட்டது.

நாம் என்ன செய்யலாம்?

இப்படிப் பாட்டுகளைக் காப்பாற்றியவர்கள் உண்டு. நா.வானமாமலை என்ற அறிஞர் ஊர் ஊராக இருந்த நாட்டுப்புறப் பாடல்களைத் திரட்டிப் புத்தகமாக்கினார். மதுரையைச் சேர்ந்த விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் அம்மா கிராமங்களில் பாட்டுகளைச் சேகரித்து மேடைகளில் பாடியவர். 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. சிவகங்கைச் சீமையின் கொல்லங்குடி கருப்பாயி அம்மா நாட்டுப்புறப் பாட்டை ரேடியோவில் பாடினார். 1985-இல் 'ஆண்பாவம்' படத்திலும் நடித்தார்.

நாம் அவ்வளவு பெரிய ஆள் இல்லை. ஆனால் ஒரு நோட்டு போடலாம். ஒவ்வொருவரும் தங்கள் வீட்டுப் பாட்டி, தாத்தாவிடம் ஒரு பாட்டு கேட்டு வாருங்கள். தாலாட்டு, நடவு, கும்மி, எதுவானாலும் சரி.

1. அவர்கள் பாடுகிறபடியே எழுதுங்கள். இலக்கணப் பிழை என்று திருத்த வேண்டாம்.
2. பாடியவர் பெயர், ஊர், எந்த வேலையின்போது பாடியது என்று கீழே எழுதுங்கள்.
3. மெட்டை எழுத முடியாது. அதனால் போனில் பதிவும் செய்து வையுங்கள்.
4. அவசரப்படுத்தாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து முழுசாகக் கேளுங்கள்.

ஆண்டு விழாவில் பழைய பாட்டுக்கே ஆடுங்கள், இல்லை புதுப் பாட்டுக்கே ஆடுங்கள். எனக்கு ரெண்டும் சம்மதம். ஆனால் ஆட்டம் தொடங்கும்போது ஒரு குலவை போட வேண்டும். எங்க அப்பத்தா வர ஒத்துக்கொண்டது!

நோட்டு என்னிடம் இருக்கிறது. முதல் ரெண்டு பக்கத்தில் அப்பத்தாவின் பாட்டை எழுதிவிட்டேன். நடுவில் மறந்துபோன இடத்தில் நாலு வரி வெற்றிடமாக விட்டிருக்கிறேன். உங்க வீட்டுப் பாட்டியும் அந்த வயலில் நடவு நட்டவராக இருக்கலாம். அவருக்கு அந்த வரிகள் தெரிந்தால் தயவுசெய்து வந்து சொல்லுங்கள்.



- ஒன்பதாம் வகுப்பு மாணவி