மாணாக்கர் அமைக்கும் ஊர்தி

ஏட்டுச் சுரைக்காய் கறிக்குதவாது என்பது நம் முன்னோர் வாக்கு. எந்திரவியல் பயிலும் மாணாக்கருக்கு இவ்வுண்மையைச் சேற்றிலும் கல்லிலும் வைத்துப் புகட்டும் போட்டியொன்று ஐக்கிய அமெரிக்காவில் நெடுங்காலமாக நடந்து வருகின்றது. அதன் தன்மையினை இம்மலர் வாயிலாக எடுத்துரைக்க விழைகின்றோம்.

1976ஆம் ஆண்டில் தென் கரோலினாப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய இப்போட்டி 'பாஹா' எனப்படும். மெக்சிக்கோ நாட்டுப் பாஹா கலிபோர்னியாவின் பாலைநிலத்தில் 1967இல் ஆரம்பமான மோட்டார் ஓட்டத்தை நினைவூட்டும் பெயர் இது. பாதையற்ற மேடுபள்ளங்களிலே செல்லத்தக்க, ஒருவர் அமரும் சிறு ஊர்தியொன்றை மாணாக்கர் தாமே திட்டமிட்டு, தாமே அமைத்து, தாமே ஓட்டுதல் வேண்டும்.

போட்டியின் சிறப்பு அதன் கட்டுப்பாட்டிலேயே அடங்கியுள்ளது. எல்லாக் குழுவினருக்கும் ஒரேவகை இயந்திரமே உரியது. அது பல்லாண்டுகளாக 10 குதிரைவலுவினதாக இருந்தது. 2020களில் 14 குதிரைவலுவுள்ளதொன்று அதனிடத்தைப் பெற்றது. வலுவைக் கூட்டுமாறு அதனை மாற்றியமைத்தல் ஆகாது. ஆகவே, பொருள் மிக்கோர் வலுவை விலைக்கு வாங்கி வெல்லுதல் இயலாது. உள்ள வலுவை வீணாக்காது சில்லுக்குக் கொண்டு சேர்ப்பவரே முந்துவர்.

இதற்கெனப் பலர் கையாளும் முறை நுட்பமானது. இயந்திரத்தோடு ஒரு கப்பியும் பின்னே மற்றொரு கப்பியும் ஒரு பட்டியினால் இணைக்கப்படும். ஒவ்வொரு கப்பியும் சரிந்த முகமுடைய இரு தட்டுக்களால் ஆனது. இயந்திரம் விரைந்து சுழலுங்கால், முன்கப்பியிலுள்ள எடைகள் மையநீக்க விசையால் வெளியே தள்ளப்பட்டுத் தட்டுக்களை நெருக்கும், பட்டி மேலேறும். பின்கப்பியிலோ தட்டுக்கள் விலகப் பட்டி கீழிறங்கும். இதனால் வேகம் மிகும். ஏற்றத்திற் பாரம் மிகுந்தால் பின்கப்பி மீண்டும் நெருங்கி, வேகத்தைக் குறைத்து இழுவிசையைக் கூட்டும். ஓட்டுபவன் பற்சில்லை மாற்ற வேண்டுவதில்லை.

ஆயினும், ஒன்றைப் பெற ஒன்றை இழக்க நேரிடும். உருக்குக் குழாயின் கனத்தைக் கூட்டினால் வண்டி உறுதி பெறும். ஆனால் பாரத்தால் மந்தமாகும். உடலை உயர்த்தினால் கற்களைத் தாண்டும். வளைவிற் கவிழும் அச்சம் வரும். இவற்றுள் எதனை எவ்வளவு கொள்வதென்று சூத்திரம் முழுவதும் சொல்லாது.

சோதனைகளோ கடுமையானவை. தடுப்பை அழுத்தினால் நான்கு சில்லுகளும் ஒருங்கே நின்றாக வேண்டும். ஓட்டுபவன் 5 வினாடிக்குள் வெளியேற வேண்டும். வடிவமைப்பின் ஒவ்வோர் அம்சத்துக்கும் நடுவர் காரணம் கேட்பர்; செலவுக்கும் கணக்குக் காட்டல் வேண்டும். இறுதியில் 4 மணி நேர ஓட்டம். மொத்தம் 1,000 புள்ளிகளில் 400 இதற்கே. உடைந்த வண்டியைச் செப்பனிட்டு மீண்டும் ஓட்டலாம்; ஆனால் கடிகாரம் காத்திராது.

இங்கே பிழைவிட்டவன் தப்ப வழியில்லை. பரீட்சைத் தாளிற் பிழைத்த கணக்குச் சில புள்ளிகளையே இழக்கச் செய்யும். வண்டியிற் பிழையாகப் பற்றவைத்த இணைப்போ, அதனை நம்பி உள்ளே அமர்ந்திருக்கும் தன் தோழனின் உயிரையே பணயம் வைக்கும். இப்பொறுப்புணர்ச்சியையே இப்போட்டியின் தலையாய பயனென யாம் கருதுகின்றோம்.

குழுவினர் ஆண்டுதோறும் பட்டம் பெற்றுப் பிரிவர். அவர் தம் வெற்றியைக் காட்டிலும், எங்கே உடைந்தது, ஏன் உடைந்தது என மறையாது எழுதி வைத்துச் செல்வதே பின்வருவோர்க்குப் பெருஞ்செல்வம். பழைய மாணவர் இளையோர்க்கு விட்டுச் செல்லத்தக்க செல்வமும் அதுவேயன்றோ?